காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

மழை சாய்ந்து அடித்தது. படப்பிடிப்புக் குழுவின் சாப்பாட்டு வண்டியை நோக்கித் தலைகுனிந்து ஓடிய ஐரிஸ் எதிரே வந்தவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த தேநீர் அத்தனையும் அவளுடைய ரப்பர் பூட்ஸுக்குள் இறங்கியது.

நிமிர்ந்தாள். மழை வானத்தின் சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள்... நெற்றியில் ஒட்டிய ஈரமுடி... தங்கப் பித்தான் வைத்த பட்டாள உடுப்பு. எட்வின். இந்தப் படத்தின் இளவரசன்.

அவன் உதடுகள் இறுகின. கழுத்து நரம்பு ஒன்று எழுந்தது. வார்த்தை வரவில்லை.

"இங்க கேமரா இல்லையே," என்றாள் ஐரிஸ். "ஒரு மன்னிப்பு கேக்குறதுக்கும் நடிக்கணுமா?"

அந்தக் கண்களில் ஏதோ அணைந்தது. லேசாகத் தலை வணங்கிவிட்டு மழைக்குள் நடந்தான்.

யார்க்‌ஷயரின் அந்தப் பழைய மாளிகை இப்போது அரண்மனை. திக்கிப் பேசும் இளவரசன் முடிசூடும் நாளுக்குள் பேசப் பழகும் கதை. முன்னால் இருந்த ஒலிப்பதிவாளர் நோயில் படுத்துவிட, அவர் இடத்துக்கு ஐரிஸ் அன்றுதான் வந்திருந்தாள். எட்வின் படம் முடியும்வரை பாத்திரத்தைவிட்டு வெளியே வர மாட்டான் என்று உடை பார்க்கும் மொய்ரா காலையிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தாள். சாப்பிடும்போதும் திக்குவானாம். எல்லோரும் அவனை இளவரசே என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"நீ ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? அவ்ளோ அழகான ஆளு," என்றாள் இப்போது.

ஐரிஸின் அப்பா நிஜமாகவே திக்குவார். ஊருக்குக் கடிதம் கொண்டுபோகும் அவர் வந்தால், மீன் வறுவல் கடை வாசலில் நிற்பவர்கள் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள். அதைக் கேட்கச் சகிக்காமல், அவர் வாய் திறந்ததுமே ஐரிஸ் வாக்கியத்தை முடித்துவிடுவாள். கடைசியாக ரயில் நிலையத்தில் அவர் ஏதோ சொல்லத் தொடங்கியபோதும், "பத்திரமா போறேன்பா" என்று அவளே முடித்துவிட்டு ஏறிவிட்டாள். அவர் சொல்ல வந்தது அதுதானா... அவரும் போய்விட்டார், இனிமேல் யாரிடம் கேட்பது?

அந்தத் திணறலை ஒருவன் விளையாட்டாகப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

தினமும் காலையில் அவன் சட்டைக்குள் மைக்கைப் பொருத்துவது அவள் வேலை. விரல் நுனியில் அவன் மார்பின் சூடு... காதில் மாட்டிய ஹெட்போனில் அவன் நெஞ்சுத் துடிப்பு. தன் முகம் சிவக்கிறதோ என்று பயந்து, இன்னும் கடுமையாகப் பேசுவாள். ஒலி சரிபார்க்க இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

அவன் பதில் சொன்னதே இல்லை. அதற்குப் பதிலாக இளவரசனின் வசனத்தைச் சொல்வான். முட்டையென்றோ ரொட்டியென்றோ சொல்ல என்ன கஷ்டம்? எதை மறைக்கிறான்? எதையோ மறைக்கிறவனின் கண்கள் ஏன் இவ்வளவு சாந்தமாக இருக்கின்றன?

நடிகர் களத்தைவிட்டு நகர்ந்தால் அவர் மைக்கின் ஒலியைக் குறைத்துவிட வேண்டும். அது ஒலிக்காரர்களின் மரியாதை. அன்று அவள் குறைக்கவில்லை. குதிரைலாயத்தில் அவன் படத்தில் நடிக்கும் நாயோடு பேசுவது தெளிவாகக் கேட்டது.

"என்னடா பார்லி, உனக்கும் இந்த மழை பிடிக்கலையா? வா, இங்க உக்காரு."

ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது.

மாலையில் மைக்கைக் கழற்றும்போது அவள் சொன்னாள். "நாய்கிட்ட நல்லாத்தானே பேசுறீங்க, இளவரசே."

அவன் முகம் வெளுத்தது. அவள் ஒட்டுக்கேட்டாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மைக்கைத் தானே மாட்டிக்கொண்டு வந்தான். வென்றுவிட்டாள். ஆனால் அன்று முழுவதும் அவள் விரல்கள் எதையோ தொலைத்ததுபோல் இருந்தன...

கடைசி நாள். இளவரசன் மாடத்தில் நின்று மக்களிடம் பேசும் காட்சி. எழுதியிருந்த இடத்தில் அழகாகத் திக்கினான். எழுதியிருந்த இடத்தில் மீண்டான். இயக்குநர் போதும் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். எட்வின் நன்றி சொல்ல வாயெடுத்தான். வார்த்தை நின்றுவிட்டது.

"கடைசி நிமிஷத்துலகூட விடமாட்டேங்கிறாரு பாரு," என்று யாரோ சிரித்தார்கள்.

ஐரிஸின் காதில் மட்டும் சிரிப்புக்கு அடியில் வேறொன்று கேட்டது. மூச்சு அடைத்துக்கொண்டு, தொண்டைக்குள் சின்னதாக ஒரு சொடுக்கு. மறுபடியும் ஒரு சொடுக்கு. வெளியே யாருக்கும் கேட்காத சத்தம். தொலைபேசியைக் கையில் பிடித்தபடி அப்பா திணறும்போது, அவர் மடியில் சாய்ந்திருந்தவளுக்கு மட்டும் கேட்ட சத்தம். நடிக்கும் திக்கலில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. கேட்காத ஒன்றை யார் நடிப்பார்கள்?

படிக்கட்டின் கீழே அவனைப் பிடித்தாள். மழை விட்டிருக்கவில்லை.

"நான் ஒட்டுக்கேட்டிருக்கக் கூடாது. அன்னிக்கு லாயத்துல... சந்தேகப்பட்டதும் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நாய்... அ... அவசரப்படுத்தாது," என்றான். அடுத்தவர் எழுதிய வார்த்தை என்றால் வரும், தன் வார்த்தைதான் வராது என்று விட்டுவிட்டுச் சொன்னான். நடிப்பென்று இவர்களே நினைத்துக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒளியாமல் திக்க முடிந்தது. இது தெரிந்தால் அடுத்த படம் கிடைக்காது. "இப்ப... உனக்குத் தெரியும்."

மைக்கைக் கழற்ற அவள் கை நீண்டது. பாதியில் நின்றது.

"காலைல என்ன சாப்பிட்ட?"

அவன் உதடுகள் ஒட்டிக்கொண்டன. காலையிலேயே பார்த்திருந்தாள், அவன் சட்டைக் கையோரத்தில் ஆரஞ்சுப்பழ ஜாமின் ஒரு பிசுக்கு. மார்மலேட். அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மழைநீர் அவன் இமையில் சேர்ந்து, கனத்து, விழுந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"ம... மா... மார்மலேட்," என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம்... தினமும் சொல்லணும்னு..." தொண்டைக்குள் அந்தச் சொடுக்கு. அவள் உதவவில்லை. காத்திருந்தாள். வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கலாம் போலிருந்தது.

"உன்னைப் பிடிச்சிருக்கு... ஐ... ஐரிஸ்."

தன் பெயர் இத்தனை நீளமானது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னும் நீளமாக இருந்திருக்கலாமே என்றும் தோன்றியது.