கலையரசியைப் பார்க்க வந்தவன்

அந்தக் குடை மட்டும் அன்றைக்கு விரியாமல் இருந்திருந்தால்...

வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஐப்பசி மழை. அவன் விரித்த குடையின் கம்பி கலையரசியின் பையில் மாட்டி இழுக்க, அம்மாவின் மருந்துப் பாட்டில் விழுந்து உடைந்தது. வேறு வாங்கித் தருவதாகக் கெஞ்சினான். ஒன்றும் வேண்டாம் என்று முறைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் நனைந்து மன்னிப்புக் கேட்ட கண்கள்... வீடு வரை கூடவே வந்தன.

மறுநாள் அதே கண்கள் வாசலில் நின்றன. அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி அனுப்பியதாகச் சொன்னான்.

"அம்மா உள்ள படுத்திருக்காவ."

"நான் உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகுதான் விளங்கியது. பெயர் இசக்கிராஜா. வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் இளம்பிள்ளைகளுக்குத் துணைநிற்பதுதான் அவன் உத்தியோகம். பக்கவாதம் வந்த அம்மாவை, தன் இடுப்பு நோகாமல் புரட்டிப் படுக்கவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். செவ்வாய் மதியங்களில் ஒரு நர்ஸை அம்மாவுடன் இருக்கச் செய்து, பாதியில் விட்ட டைப்ரைட்டிங் வகுப்புக்கு அவளை அனுப்பினான். வரும்போதெல்லாம் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேட்டான். அப்பா போனபிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இது வேலையா... வேறா? பாழாய்ப்போன மனசுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எல்லா வீட்லயும் இப்படித்தான் கேப்பியளா?"

"ஆமா... கேக்கணும்லா."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன்! அவளுக்கு அவமானமாக இருந்தது. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவனும் வரவில்லை... அவனுக்குப் பதிலாக அதே ஆஸ்பத்திரியிலிருந்து சண்முகசுந்தரி அக்கா வந்தார். அவரும் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். அதே கேள்விகள். நெஞ்சு மட்டும் படபடக்கவில்லை.

மார்கழியில் பருவம் தப்பிப் பெய்த மழையில், அதே நிறுத்தத்தில் அவன். மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றான்.

"வராதியன்னு சொன்னா அப்படியே விட்டுருவியளா?"

"நீங்க சொல்லுததுக்கு முன்னாலயே எனக்குப் பதிலா அக்காவ அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். உதவி செய்ய வாரவன் மனசுல உள்ளதச் சொன்னா, நன்றிக்காக நீங்க சரின்னுருவியளோன்னு பயம்... இப்ப உத்தியோகமா உங்க வீட்டுக்கு வாரதில்லலா, அதான் சொல்லுதேன். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

அம்மாவை விட்டுவிட்டு எங்கேயும் வரமுடியாது என்றாள்.

"நீங்க வரவேண்டாம். நான் வாரேன்."

கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தன.

"இதையும் எல்லா வீட்லயும் சொல்லுவியளா?"

"இல்ல... இந்த ஒரு வீட்லதான்."

அதன்பிறகுதான் குடையை விரித்தான்... கம்பி அவள் மேல் படாமல், மெதுவாக.