மொச்சைத் தண்டில் பால்

சாயம் ஒரு சொட்டுகூடப் படாத மொச்சைத் தண்டு அது. மைக்ராஸ்கோப் திரையில் அதன் நீர்க்குழாய்களில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின.

"யசோதாக்கா, தண்டுக்குள்ள இவ்ளோ கொழுப்பா? பாலு கணக்கா இருக்குதே!" என்றான் ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் நாகேஷ். "சாம்பிள் கெட்டுப்போச்சு, விடுங்க. நாளைக்கு வேற அறுத்துக்கலாம்."

மழை வலுக்கும் முன் பஸ் பிடிக்க ஓடிவிட்டான்.

யசோதா எழுந்திருக்கவில்லை. புதிதாக வந்த அந்த மைக்ராஸ்கோப்புக்குச் சாயமே வேண்டாம். லேசர் பட்டால் தண்ணீர் இருண்டு கிடக்கும், கொழுப்பு தானாக ஒளிரும். செடியின் நீர்க்குழாயில் கொழுப்புக்கு என்ன வேலை?

அவளுக்குத் தெரியும். பால்குடி மறக்காத மகளைப் புதைத்துவிட்டு, மறுநாள் பால் தெளிக்கப் போனபோது மாமியார் ரத்தினம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள்: "பசும்பால்தான் ஊத்தணும். உன் பாலக் காட்டிடாத, ருசி கண்ட புள்ள விடாது." பெற்ற வயிறு கேட்குமா? மார் கட்டி வலிக்க, யாரும் பாராதபோது பீய்ச்சி ஊற்றினாள். புதைத்த மேட்டில் தூவிய நவதானியத்தில் மொச்சை மட்டும் முளைத்தது. பிள்ளையில் ஏதாவது அதில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இன்று ஒரு கிளையை ஒடித்து வந்தாள், பாவி.

இருட்டறையில் ஏசி முனகியது. வெளியே தகரச் சாய்ப்பில் மழை இரைந்தது. ஸ்பிரிட் நெடிக்கு நடுவே, குழந்தையின் கழுத்து மடிப்பில் எத்தனை துடைத்தும் போகாத அந்தப் புளித்த பால் வாடை எங்கிருந்தோ கசிந்தது. திரையில் புள்ளிகள் நகர்ந்தன. வேரில்லை, இலையில்லை, கண்ணாடிச் சில்லில் ஒட்டிய வெறும் சீவல். அதற்குள் எது இழுக்கிறது?

ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. நிறுத்தம். மறுபடி இழுப்பு.

ஐயோ, அந்தத் தாளம் அவள் மார்புக்குத் தெரியும்.

மாத்திரை போட்டு வற்றவைத்த பால் சுரந்தது. ரவிக்கை நனைந்தது. லேசரை அணைத்தாள். திரை இருளவில்லை. புள்ளிகள் தீர்ந்தன. காலிக் குழாய்களின் சுவர்கள் மட்டும் ஒட்டின, விரிந்தன, ஒட்டின. வேகமாக. ஏமாந்து ஏமாந்து.

பசி.

"அழாதடி கண்ணு... அம்மா இங்கதான் இருக்கேன்."

கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். யசோதா கண்ணீரோடு ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்தாள். மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்த மீதிக் கிளை மெல்லத் திரும்பியது. அறுபட்ட நுனியை விரித்துக்கொண்டு, அவள் மடியைத் தேடி ஊர்ந்து வந்தது.