கறுத்தே கிடந்த துரு

அழுத்தம் கொடுத்த திருகாணிகளைக் கழற்றியாயிற்று. ஆனாலும் துரு கறுப்பாகவே இருந்தது.

ரோஸ்விதா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். ஆறு மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது. காலையில் இரண்டு வைர முனைகளுக்கு நடுவே அவள் வைத்தது தூசியளவு இரும்புத் துரு, சிவப்பு, மின்சாரத்தை எளிதில் விடாத சாதுப் பொருள். பூமியின் அடியாழத்து அழுத்தத்துக்கு அதை நெரித்தால் உள்ளே கட்டுண்டிருந்த எலெக்ட்ரான்கள் அவிழ்ந்து ஓடும், துரு கறுத்து உலோகமாக நடந்துகொள்ளும். அழுத்தத்தை விட்டால் பழையபடி சிவக்கும். இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"இன்னும் மின்சாரம் பாயுது," என்றாள்.

பக்கத்து மேசைக் கொர்பினியன் கிறிஸ்துமஸ் கேக்கை மென்றபடி சொன்னான். "அதுக்கும் வெள்ளிக்கிழமை சோம்பல்தான். புள்ளத்தாச்சி, நீ கிளம்பு. நான் பாத்துக்கறேன்."

கிளம்பத்தான் அவளுக்கும் ஆசை. மதியத்திலிருந்து குழந்தை அசையவில்லை. மருத்துவமனைக்குப் போய் அதன் இதயத் துடிப்பைக் காதால் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி.

எழுந்தபோது காது அடைத்தது. வெந்நீர்க் குழாயின் முனகலும், வெளியே கூரைப்பனி உருகிச் சொட்டும் ஓசையும், கொர்பினியனின் தட்டில் கரண்டி உரசுவதும் பஞ்சுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கிக்கொண்டே போயின. நாக்கில் பழைய ஆணியைச் சப்பிய ருசி ஊறியது. ஜன்னல் கீலைப் பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சிவந்து துருவேறிக் கிடந்த கீல். இப்போது கன்னங்கரேலென்று இருந்தது.

குழாயின் மூட்டும் கறுத்திருந்தது.

ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள்.

"அழுத்தத்த நாமதான் விட்டோம், கொர்பினியன். அது நம்மள விடலை."

"எது?"

"கதவத் திற. நான் டாக்டர்கிட்டப் போகணும்."

உள்பக்கம் திறக்கும் கதவு. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. யாரோ அறைக்குள்ளிருந்தே அதை அழுத்திப் பிடித்திருந்த மாதிரி இருந்தது.

"மூக்குல என்னமோ வழியுது," என்றான்.

ஒரு சொட்டு அவன் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. ரத்தம். கறுப்பு. உலோகமாகப் பளபளத்தது. துடைக்கப் போன கை பாதியில் நின்றது. கண்களும் நின்றன.

பேர் சொல்லி அழைத்தாள். தோளை உலுக்கினாள்.

இரு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கனத்தது. சில்லிட்டிருந்தது.

"அசை, கண்ணு. ஒரே ஒரு தடவை."

குழந்தை உதைத்தது.

உள்ளிருந்து, இரும்பில் இரும்பு மோதும் சத்தம்.