ஏழாம் அறைப் பலகை

சீனக் கடைகள் நிறைந்த பெட்டாலிங் தெருவின் பழைய ஓட்டல் மரப்படியைத் துப்புரவுக்காரி யோக் லான் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளி யாப்பின் மகள் மெய் யீ அலங்காரம் செய்துகொள்ள ஏழாம் அறைக்கு ஏறிப் போனாள். மத்தியானம் அவளுக்குக் கல்யாணம்.

அந்த அறைச் சுவரில் ஒரு கிழவியின் படம். அடியில் பித்தளைப் பலகை: "தாசி ஃபூங் வாழ்ந்த அறை." யாப் அதை மாட்டியபிறகு, வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்து தங்க, அறை காலியாகக் கிடந்ததில்லை.

பார்க்கும்போதெல்லாம் யோக் லானுக்கு வயிறு எரியும். ஃபூங் அக்கா தாசியா? பதினெட்டு வயதில் சாமி முன்னால் தலைவாரிக் கொண்டை முடிந்து, கல்யாணமே வேண்டாமென்று சத்தியம் செய்தவள். ஊரார் பிள்ளைகளை வளர்த்தே தேய்ந்து, சாவதற்கென்று இந்த அறையை வாடகைக்குப் பிடித்தவள். இந்த யாப்பும் அவள் வளர்த்த பிள்ளைதான்.

"உங்கள முதுகுல கட்டிச் சுமந்தவங்க, தவுக்கே. அந்தப் பலகையக் கழட்டிடுங்க," என்றாள், படியடியில் நின்ற முதலாளியிடம்.

"செத்தவ கேஸ் போடவா போறா? போய் கக்கூஸக் கழுவு."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அந்தக் காலப் பெண்கள் தலையில் பூசும், மரச்சீவல் ஊறிய பிசின்.

சர்... சர்...

மேலே சீப்பு வாரும் சத்தம். யோக் லான் ஓடிப்போய் ஏழாம் அறைக் கதவைத் தள்ளினாள். கண்ணாடி முன் மெய் யீ தனியாக இருந்தாள். விரித்த கூந்தல் தானே இழுபட்டுப் பிடரியில் கொண்டையாக இறுகியது.

சீப்பு மேஜைமேல் கிடந்தது.

"யாரு ஆன்ட்டி வாருறது?"

"சத்தியக் கொண்டை," என்று முணுமுணுத்தாள் யோக் லான். "இதோட கல்யாணம் கட்ட முடியாதும்மா."

பின்னாலேயே வந்த அலங்காரக்காரி கொண்டையை வெட்டப் பார்த்தாள்; கத்தரிக்கோல் முடியில் வழுக்கியது. கொண்டை இன்னும் இறுக, இழுப்பில் நெற்றித் தோல் கீறி ரத்தம் கசிந்தது. யாப் மூச்சிரைக்க வந்தார்.

"விடச் சொல்லு."

"நானா புடிச்சிருக்கேன்? பலகையக் கழட்டுங்க. உண்மைய வாயால சொல்லுங்க."

யாப் திருகாணிகளைக் கழற்றினார். படத்தைப் பார்த்து, "என்னை வளர்த்தவங்க. நான் சொன்னது பொய்," என்றார்.

கொண்டை அவிழ்ந்தது.

மத்தியானம் பூவைத்து, பொட்டலம்போல் பொத்திப் பெண்ணைக் காரில் ஏற்றினார்கள். யாப் கோட்டுக்குள்ளிருந்து பலகையை எடுத்துக் கணக்கரிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை திரும்ப மாட்டிடு."

வாசலில் துடைப்பத்தோடு நின்ற யோக் லானின் காதில் அது விழுந்தது.

"அக்காவுக்குக் காது நல்லாக் கேக்கும், தவுக்கே."

வெயில் கொளுத்தும் தெருவில் பிசின் வாசனை எழுந்தது.

பூட்டிய காருக்குள், மெய் யீயின் பூவைத்த தலை மெல்லப் பின்னால் இழுபட்டது.