மூடாத ஓரக்கோடு

கழுவி, நுனியை விரலால் கூராக்கி, பழந்துணிமேல் படுக்க வைத்த தூரிகை குவளைக்குள் தலைகீழாக நின்றது.

றொசாந்தி கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்படி நிறுத்தினால் மயிர் வளைந்துவிடும். அவள் ஒருபோதும் நிறுத்துவதில்லை. தானே மறதியாக வைத்திருப்பாளோ? எதிலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவள் பழக்கம்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். தங்கை ஜெசிதா நீலப்புள்ளிச் சட்டையோடு, காய்ச்சலில், அறையில் படுத்திருந்தாள். மழை இருட்டு, கரண்டும் இல்லை. குருநகர்க் கடற்காற்றில் எப்போதும் வரும் கருவாட்டு வாசத்துக்கு மேலே, இன்னும் காயாத சாயத்தின் புளித்த வாசம் கூடம் முழுவதும் கனத்துக் கிடந்தது.

நேற்று மாலை துணி ஓவிய வகுப்பில் மீன்பெட்டி சுமக்கும் பெண்ணை வரைந்திருந்தாள். பக்கவாட்டு முகம், ஒரே ஒரு பெரிய கண். படத்தைச் சுற்றிவர ஓரக்கோடு போட்டபோது, ஒரு விரல் அகலம் மிச்சமிருக்க, தூரிகையின் அடிமயிரில் சாயம் இறுகத் தொடங்கியது. போன மாதம் அப்படித்தான் ஒரு தூரிகை பாழானது. கழுவ எழுந்தாள்.

"கோட்டை மூடாமலோ எழும்புறாய்?" என்றான் பக்கத்தில் இருந்த சுபாஸ். அந்த வகுப்பில் யாரும் அப்படி எழும்புவதில்லை. "உன்ரை மீன்காரி உந்த ஓட்டையாலை வெளிக்கிட்டு வீட்டை வரப்போறா, பார்."

"வரட்டும். மீன் மலிவாக் கிடைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கோட்டை மூடாமலே வீட்டுக்கு வந்து, துணியைக் கூடத்துச் சுவரில் மாட்டினாள்.

இப்போது கைபேசி வெளிச்சத்தை அதன் மேல் பிடித்தாள். ஓரக்கோடு இருந்தது. இடைவெளி இருந்தது. நடுவில் மீன்காரி இல்லை.

இடைவெளியிலிருந்து சுவர் வழியே சிவப்பாக ஒரு ஈரம் இறங்கி, தரையில் இழுபட்டு, ஜெசிதாவின் அறைவரை போயிருந்தது.

கோட்டை மூட வேண்டும். நேற்றே மூடியிருக்க வேண்டும். தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, ஒரே மூச்சில் இழுத்தாள். முனையும் முனையும் சேர்ந்தன. இனி எதுவும் அதைத் தாண்டாது.

"ஜெசி, எழும்பு. கஞ்சி தாறன்."

"அக்கா... இஞ்சை ஒரே இருட்டு."

குரல் அறையிலிருந்து வரவில்லை.

வெளிச்சத்தைத் துணியில் கோட்டுக்குள், கீழ்மூலைக்கு இறக்கினாள். அங்கே அவள் பார்த்திருக்கவில்லை. சின்ன உருவம். இரட்டைப் பின்னல். நீலப்புள்ளிச் சட்டை. சற்று முன்பு மூடிய இடத்தை நோக்கி நீட்டிய கை.

விரலால் கோட்டை அழிக்கப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். சாயம் அதற்குள் காய்ந்திருந்தது.

அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

போர்வை சரிந்தது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். பக்கவாட்டு முகம். ஒரே ஒரு பெரிய கண்.

அது மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

மறுபாதியில் முகம் இல்லை. வெறும் வெள்ளைத் துணி.