படித்துறையில் மாறிய பெயர்

பெய்லான் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், குவோசூன் வாய் திறப்பதற்குள் யாரோ "வந்துட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

பெய்லான் திரும்பினாள். கணவனின் முதுகில் ஏழு வயது ஷின்ஷின் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள். உதடுகள் ஒட்டியே இருந்தன. குன்றின் காட்சி மேடையில் நின்றவர்கள் எல்லோரும் பனிமூட்டத்தில் பாதி மறைந்த சோங்சிங் நகரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயா சொன்ன?"

"இல்ல. எவனாவது கிண்டல் பண்ணிருப்பான். ஊரே நம்மளத்தான் வேடிக்கை பாக்குது."

"பாத்துட்டுப் போகட்டும். நீ பதில மட்டும் விடாம சொல்லு."

அவன் தலையாட்டினான். பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவனுக்குக் காது மெத்து என்பார்கள் அந்த ஊரில். பெரியவள் தாவ்தாவ் அவன் காதைப் பிசைந்து பார்த்து, "ஆமா, அப்பாவுக்குக் காது மெத்துதான்" என்று சிரிப்பாள்.

போன மாத விடுமுறையில் மகள்கள் இருவரோடும் இதே இடங்களைத்தான் சுற்றினார்கள். கடைசியில் படித்துறையில் தாவ்தாவ் வழுக்கி யாங்சி ஆற்றில் விழுந்து செத்துப்போனாள். அவள் கையைப் பிடித்திருந்த ஷின்ஷின் அன்றோடு பேச்சை விட்டாள். பயந்த பிள்ளையின் உயிர் வழியில் எங்கோ நின்றுவிட்டது என்றார்கள் பக்கத்து வீட்டில். போன இடமெல்லாம் போய், பிள்ளையின் சட்டையை ஆட்டிப் பெயர் சொல்லித் தாய் கூப்பிட வேண்டும். சுமப்பவர் பதில் சொல்ல வேண்டும். பெயர் மட்டும் மாறக் கூடாது, மாறினால் அந்தப் பெயருக்குரிய உயிர் வந்து புகுந்துகொள்ளும். இருப்பது இந்த ஒருத்திதான், இவளையும் இழந்தால் தன்னால் தாங்க முடியாது என்று பெய்லானுக்குத் தெரியும்.

ஆற்றைக் கடக்கும் ரோப் காரில் மிளகாய் எண்ணெயும் ஈரக் கோட்டுகளும் நெருக்கியடித்து நாறின. சட்டைக்குள் முகம் புதைத்து, "ஷின்ஷின், வீட்டுக்கு வா" என்று முணுமுணுத்தாள். இந்த முறை பதில் காலடியிலிருந்து வந்தது. தரைக்குக் கீழே ஆறு மட்டும்தான் இருந்தது.

படித்துறைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. சேற்று வாடை. டீசல் வாடை. படகுகளின் சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

"பாத்து, பாசி இருக்கு," என்றான் குவோசூன்.

அவள் சட்டையைத் தூக்கினாள். இத்தனை வருடமும் இருவரையும் சேர்த்தேதான் கூப்பிட்டிருக்கிறாள், பெரியவள் பெயர் முதலில் வரும். நாக்கு பழகிய வழியில் போனது.

"தாவ்தாவ், வீட்டுக்கு வா."

"அடி, பேர மாத்திட்டியே."

தண்ணீர் அசையவில்லை. காற்றும் இல்லை.

"வந்துட்டேன்."

முதுகிலிருந்த குழந்தைதான் சொன்னாள். குவோசூனுக்கு அழுகை வந்துவிட்டது. "பேசிட்டா, பெய்லான். புள்ள பேசிட்டா."

சின்ன விரல்கள் அவன் காதைப் பிசைந்தன. "அப்பாவுக்குக் காது மெத்துதான்."

அவன் அழுகை நின்றது.

கீழே, தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு குரல். சின்னவள் பேச்சை விட்டதிலிருந்து ஒரு மாதமாக அவள் கேட்க ஏங்கிய குரல்.

"அம்மா. என் பேரச் சொல்லும்மா."

பெய்லான் வாய் திறந்தாள். "ஷின்..."

கணவனின் தோளுக்கு மேலிருந்து நீண்ட சின்னக் கை அவள் வாயைப் பொத்தியது. ஈரமாக இருந்தது. தாவ்தாவின் கை எப்படிப் பொத்தும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

கீழே பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.