தலைத்துணிக்குள் ஒரு பொய்

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

பாலத்தின் நடுவில் லிவினா போட்ட சத்தத்தில், கால்வாயில் போன படகுக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தோளில் படகுக் கழியோடு வந்த யோரிஸ் திரும்பிய வேகத்தில், கழியின் கொக்கி அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. ஊசிகள் தெறித்தன. தாடைக்குக் கீழே சுற்றியிருந்த துணியும் தளர... இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சட்டென்று முதுகைக் காட்டி நின்றான். "நான் பார்க்கலைங்க! சத்தியமா பார்க்கலை. கட்டி முடிச்சதும் சொல்லுங்க."

"எப்படிக் கட்டறதாம்? காத்து இந்த அடி அடிக்குது!"

"அப்போ ஒரு முனையைக் கொடுங்க, பிடிச்சுக்கறேன்."

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான். அவன் இழுத்துப் பிடிக்க, தாடைக்கடியில் ஒரு சுற்று, நெற்றியில் ஒரு சுற்று, உச்சியில் மடித்து ஊசி... "ம், விடுங்க."

தூறல் தொடங்கியிருந்தது. வெள்ளைத் துணிக்கு நடுவே இரண்டு பழுப்புக் கண்கள்... யோரிஸ் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. என்னைக் கால்வாயில தள்ளிடுவாரு."

"அவர் ஊர்ல இல்ல," என்றாள் லிவினா. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பொய்!

அந்தக் காலத்து ப்ரூஜ் நகரத்தில் கல்யாணமான பெண்கள்தான் கூந்தலை முழுக்க மூடுவார்கள். கன்னிப்பெண்கள் பின்னலைத் தொங்கவிட்டு நடப்பார்கள். லிவினாவுக்கோ புருஷனும் இல்லை, துணிக்குள் கூந்தலும் இல்லை. குளிர்காலக் காய்ச்சலில் அக்கா ஒட்ட வெட்டிவிட்டாள். முடி வெட்டப்பட்ட பெண் என்றால் நடத்தை கெட்டுத் தண்டனை வாங்கியவள் என்றுதான் ஊர் பேசும். அக்கா வீட்டுக்குப் புதிதாக வந்தவள், எத்தனை பேரிடம் போய்க் காய்ச்சல் கதையைச் சொல்வாள்? யாரோ ஒருவன் மனைவி என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

அக்காவுக்குக் கம்பளி நூல் வாங்கப் படகுத்துறைக்குப் போகும்போதெல்லாம் அவன் இருந்தான்.

"இன்னிக்கு ஊசி நிறைய குத்தியிருக்கீங்க போல?"

"கழியைத் தூக்கிட்டுத் திரியறவங்க இருக்கற ஊராச்சே!"

சிரிப்பான். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் துணிக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள்... அறுத்த வயல் மாதிரி குத்தும். அழுகை வரும்.

ஒரு மழை நாளில் அவன் கேலி எதுவும் பேசவில்லை.

"நாளையிலேர்ந்து கடல்துறைப் பக்கம் வேலைக்குப் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்."

"ஏன்?"

"இன்னொருத்தர் மனைவி வர்ற வழியைப் பார்த்துக்கிட்டே நிக்கறேன்... இது நல்லா இல்லைங்க. உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது."

படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பேசாமல் இருந்தால் மானம் மிஞ்சும், அவன் போய்விடுவான். சொன்னால்...? துறை முழுக்க ஆட்கள்.

"நில்லுங்க!"

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க? எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும். நீங்களும் பாருங்க."

துணி தோளில் சரிந்தது. எவனோ சீட்டியடித்தான். மழைத்துளிகள் நேராகத் தலையில் விழுந்து சில்லிட்டன.

"காய்ச்சல்ல வெட்டினது. நான் எந்தத் தப்பும் பண்ணல. எனக்குப் புருஷனும் இல்ல. வெட்கத்துல பொய் சொல்லிட்டேன்..."

யோரிஸ் கயிற்றைக் கீழே போட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"பின்னல் போடற அளவுக்கு வளர எவ்வளவு நாளாகும்?"

அவ்வளவுதானா இவனும்!

"ரெண்டு மூணு வருஷம் ஆகும். கூந்தல்தான் வேணும்னா வேற இடம் பாருங்க."

"அட, அதுக்குக் கேக்கலைங்க! அடுத்த மாசமே என்னைக் கட்டிக்கிட்டா எப்படியும் மூடித்தானே வைக்கப் போறீங்க... அப்புறம் எதுக்கு அத்தனை வருஷம் காத்திருக்கணும்? எனக்கு நீங்கதான் வேணும்."

கண்ணீரும் மழையும் கன்னத்தில் சேர்ந்து ஓட, லிவினா சிரித்துவிட்டாள்.

"அடுத்த மாசமா? அவ்வளவு நாள் காத்திருக்க என்னால முடியாது, யோரிஸ்..."